பூச்சியையும் சிலந்தியையும் படமெடுக்க: ஓர் எருக்கஞ்செடியிலிருந்து தொடங்குங்கள்

பூச்சிகளைப் படமெடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் வீட்டுப் பக்கத்தில் எருக்கஞ்செடி இருக்கிறதா?"

எங்கள் சிவகங்கைப் பக்கம் எருக்கு இல்லாத ஊர் கிடையாது. கண்மாய்க்கரை, சாலையோரம், தண்டவாளத்து ஓரம், இடிந்த வீட்டுக் கொல்லை என்று எங்கும் நிற்கும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. அதனால் அதில் குடியிருக்கும் உயிர்களுக்குத் தொந்தரவு குறைவு. படமெடுக்கிற நமக்கு அதுதான் வேண்டும்.

ஊரெல்லாம் அலையாதீர்கள். ஒரு செடியை, இல்லையென்றால் ஒரு வேலியை, ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் திரும்பத் திரும்பப் போங்கள். எந்தப் பூச்சி எந்த நேரத்தில் எங்கே உட்காரும், எதற்கு மிரளும், எதைக் கண்டுகொள்ளாது என்று தெரிந்துவிட்டால் கையில் இருக்கும் போனே பாதி வேலையைச் செய்துவிடும். தெரியாதவரை எவ்வளவு விலையுள்ள லென்ஸ் இருந்தாலும் பறந்துபோன பூச்சியின் வெறும் இலைதான் படத்தில் இருக்கும்.

முதல் வாரம்: கேமராவை எடுக்காமல் பாருங்கள்

காலையில் ஆறரை மணிக்கு எருக்கஞ்செடி முன்னால் குத்தவையுங்கள். அரை மணி நேரம் சும்மா பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் போகட்டும்.

இளங்கொழுந்தில் மஞ்சள் பொட்டுகளாக ஒட்டியிருப்பவை அசுவினிகள். உடல் எலுமிச்சை மஞ்சள், கால்கள் கறுப்பு. அவற்றைத் தின்ன பொறிவண்டு வந்திருக்கும், அதன் புழுவும் இருக்கும். புழுவைப் பார்த்தால் பொறிவண்டின் பிள்ளை என்றே சொல்ல முடியாது. முதலையைச் சுருக்கி இலையில் விட்டதுபோல நீளமாக, முள்முள்ளாக ஊர்ந்துபோகும். கொஞ்சம் கீழே, கனத்த இலையின் அடியில், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட ஒரு புழு. உடம்பில் மூன்று இடங்களில் சோடி சோடியாகக் கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. அதே செடியில் முட்டையும் கிடைக்கும். தேடினால் பச்சையாகவோ வெளிர் சிவப்பாகவோ தொங்கும் கூட்டுப்புழுவும் கிடைக்கலாம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதத்திற்குள் முடிந்துவிடும். ஒரு மாதம் ஒரே செடிக்குப் போகச் சொல்வதற்கு இதுவும் காரணம். முழு வாழ்க்கையும் ஒரே இடத்தில் உங்கள் கண் முன்னால் நடக்கும்.

வெயில் ஏறியதும் கருவண்டு வரும். வண்டு என்று கூப்பிட்டாலும் அது தேனீ வகை. எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக உதிராது. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பூவுக்குள் மாட்டியிருக்கும். கருவண்டு பூவில் கால் ஊன்றும்போது அந்தப் பொட்டலம் காலில் சிக்கிக்கொள்ளும், அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கருவண்டின் காலில் மஞ்சளாக ஏதோ தொங்கினால் அழுக்கு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அந்தப் படத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை போட்ட எருக்கு வெட்டுக்கிளியும் கண்ணில் படலாம். மெதுவாக நகரும், ரொம்பப் பறக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல மாடல் கிடையாது. ஆனால் குஞ்சுப் பருவத்தில் அதைப் பிடித்து அழுத்தினால் உடம்பிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். கை வைக்காமல் எடுங்கள். எருக்கம்பால் கையில் ஒட்டினால் அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும், பார்வை மங்கும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு கண் மருத்துவரிடம் போகவேண்டும். பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

பூச்சிகளின் உடம்பு சூடு வெளிக்காற்றைப் பொறுத்தது. குளிர்ந்திருக்கும்போது அவற்றால் சட்டென்று பறக்க முடியாது. எனவே விடிந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் நமக்குப் பொன்னான நேரம். மார்கழி, தையில் பனி விழும் காலைகளில் ஊசித்தட்டானின் சிறகெல்லாம் நீர்முத்து கோத்திருக்கும். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை வைத்தாலும் அசையாது. அந்த இரண்டு மாதம் தூக்கத்தைப் பார்க்காதீர்கள்.

ஆடிக்காற்றில் செடியில் இருப்பதை எடுக்கப் போய் எரிச்சல்படவேண்டாம். இலை ஒரு விரற்கடை ஆடினாலே நெருக்கப் படத்தில் பூச்சி சட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். அந்த மாதத்தில் நான் தரையைப் பார்ப்பேன். கோயில் மண்டபத்து ஓரம், ஓட்டுவீட்டுத் தாழ்வாரம் என்று மழை நனைக்காத பொடிமண்ணில் புனல் புனலாகக் குழி இருக்கும். சின்ன வயதில் குழியானை என்று தோண்டி விளையாடியிருப்போமே, அதேதான். ஓர் எறும்பு குழிக்குள் சறுக்கியதும் அடியிலிருந்து மண் தெறிக்கும், இரண்டு கொடுக்குத் தாடை மேலே வரும். குழிக்கு நேர் மேலிருந்து எடுத்தால் வட்டம் மட்டும்தான் தெரியும். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, குழியின் விளிம்பு மட்டத்தில் லென்ஸை வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் ஒவ்வொரு மணலும் தனித்தனியாக நிழல் விழுந்து நிற்கும். இந்தக் குழியானை வளர்ந்து, ஊசித்தட்டானைப் போன்ற மெல்லிய சிறகுள்ள பூச்சியாகிப் பறந்துபோகும்.

ஐப்பசியில் முதல் மழை நின்றதும் மண்ணைப் பாருங்கள். சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டிய பொத்தான்போல ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவது இதுதான். காலை எண்ணுங்கள், எட்டு இருக்கும். பூச்சி இனமில்லை, சிலந்திக்குத்தான் உறவு. இதைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா அந்தச் சிவப்பைத் தாங்காது. படம் ஒட்டுமொத்தமாக நன்றாக வந்ததுபோல இருக்கும், ஆனால் பூச்சி மட்டும் மயிர் எதுவும் தெரியாமல் ஒரே சிவப்பு அப்பலாக நிற்கும். கேமராவின் எக்ஸ்போஷர் அளவுகோலில் வெளிச்சத்தை ஏறக்குறைய முக்கால் படி (-0.7) குறைத்து எடுங்கள். அந்தப் பட்டு மயிர் ஒவ்வொன்றாக எழும்.

தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்பார்கள். மழைக்காலத்தை ஒட்டி வயல்மேல் கூட்டம் கூட்டமாக வரும் மஞ்சள்நிறத் தட்டான்கள், இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிற இனம். பகலில் ஓயாமல் பறந்துகொண்டே இருப்பவற்றைத் துரத்தாதீர்கள். மாலையிலும் அதிகாலையிலும் வேலிக் குச்சிகளின் அடியில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது எடுங்கள். குளத்தங்கரையில் குச்சிமேல் உட்காரும் மற்ற தட்டான் வகைகளுக்கு வேறு பழக்கம். பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சியின்மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு அசையாமல் காத்திருங்கள்.

கருவி: இருப்பதிலிருந்து தொடங்குங்கள்

போன் மட்டும்தான் இருக்கிறதா? சரி, தாராளமாகத் தொடங்கலாம். விலை குறைந்த பல போன்களில் மேக்ரோ (மிக நெருக்கப் படம்) என்று தனியாக வைத்திருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவை நம்பவேண்டாம். முதன்மைக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொண்டால் அதைவிடத் தெளிவாக இருக்கும். போனில் மாட்டுகிற கிளிப் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. படத்தின் ஓரங்கள் மங்கும், ஆனாலும் குதிக்கும் சிலந்தியின் கண் அளவுக்குப் போய்விடலாம். பூச்சியின் கண்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஃபோகஸை மறந்துவிட்டு, போனை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே தொடர்ச்சியாகப் பத்துப் படம் தட்டுங்கள். ஒன்று தேறும்.

லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமரா இருந்தால், மேக்ரோ லென்ஸ் வாங்குவதற்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. கேமராவோடு வந்த 18-55 லென்ஸையோ பழைய 50 மி.மீ. லென்ஸையோ திருப்பி மாட்டுவதற்கு ஒரு வளையம் கிடைக்கும். மிக மலிவு, உருப்பெருக்கம் அதிகம். ஆனால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் இரண்டு அங்குலம்தான் இருக்கும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை (அப்பர்ச்சர்) கையால் மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸ்தான் இதற்கு வசதி. இரண்டாவது, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற நீட்டிப்புக் குழாய். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய் என்பதால் படத்தின் தெளிவு கெடாது, வெளிச்சம் மட்டும் குறையும். மூன்றாவது, லென்ஸின் முகப்பில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. ரேநாக்ஸ் டிசிஆர் 250 பலரிடம் இருக்கிறது. 8 டயாப்டர் சக்தி, கிளிப்போல மாட்டிக் கழற்றலாம், 70-300 ஜூம் லென்ஸோடு நன்றாக ஒத்துப்போகும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்கே.

பிறகு பழக்கம் நிலைத்துவிட்டால் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். அதில் 1:1 என்று எழுதியிருப்பார்கள். 2 சென்டிமீட்டர் பூச்சி உள்ளே படம் பதியும் சில்லான சென்சாரிலும் 2 சென்டிமீட்டராகவே விழும் என்று அர்த்தம். தொடக்க விலைக் கேமராக்களில் சென்சார் ஏறக்குறைய 2.3 சென்டிமீட்டர் அகலம்தான் என்பதால் அந்தப் பூச்சி சட்டத்தையே அடைத்துக்கொள்ளும்.

எண்கள் கொஞ்சம்

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தீர்ந்துவிடும். 1:1 நெருக்கத்தில், துளை எஃப் 8ல் (எண் கூடக் கூடத் துளை சுருங்கும்), தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பூச்சியின் கண் தெளிவாக இருந்தால் இடுப்பு மங்கும். துளையை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே சோப்புத் தண்ணீரில் கழுவியதுபோல ஆகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை போதும்.

அப்புறம் என்ன செய்வது? பூச்சியின் உடம்பு எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தளத்துக்குக் கேமராவின் முதுகை இணையாக வையுங்கள். சிறகை மடக்கி உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சிக்குச் சரியாகப் பக்கவாட்டில், சிறகை விரித்து உட்கார்ந்ததற்கு நேர் மேலே, வலையில் இருக்கும் சிலந்திக்கு வலைக்கு இணையாக. இந்த ஒரு திருத்தத்தில் ஒரே நாளில் படங்கள் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். முகத்தை நேராக எடுக்கும்போது மட்டும் இந்த விதியை விட்டுவிடுங்கள். அங்கே கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கலாம், அழகாகவே இருக்கும்.

தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வேண்டிய நெருக்கத்தில் லென்ஸை நிறுத்திக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டபடி உடம்பை மட்டும் முன்னே சாய்த்து, கண் பளிச்சென்று தெரியும் நொடியில் தட்டுங்கள். இடக்கையின் இரண்டு விரலால் பூச்சி இருக்கும் காம்பைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைத் தாங்கிக்கொண்டால் காற்றில் செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். படம் ஆடாது.

ஃபிளாஷ் இருந்தால் ஷட்டர் 1/200 வினாடி, துளை எஃப் 8, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷின் பலம் 1/16 என்று தொடங்கி, படத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். வெறும் ஃபிளாஷ் வெளிச்சம் பொன்வண்டின் ஓட்டில் வெள்ளைப் புள்ளியாக அடிக்கும், பச்சை மினுக்கம் செத்துப்போகும். நடுவே ஒரு வெள்ளைத் திரை வேண்டும். மிக்சி, டிவி வாங்கினால் பெட்டிக்குள் சுற்றி வருமே, மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், அதை இரண்டு மடிப்பாக வளைத்து லென்ஸுக்கு மேலே கூரைபோல ரப்பர் பேண்டில் கட்டினால் போதும். திரை எவ்வளவு அகலமாகவும் பூச்சிக்கு எவ்வளவு பக்கத்திலும் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும். ஃபிளாஷ் இல்லாதவர்கள் காலை வெயில் நேரடியாக விழாத இடமாகப் பார்த்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம்.

பக்கத்தில் போவது

நிமிர்ந்து நடந்து போகாதீர்கள். ஐந்தடி தள்ளியே குனிந்துவிடுங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழுந்தால் முடிந்தது, எனவே சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அணுகுங்கள். பக்கவாட்டு அசைவைத்தான் அவை சட்டென்று கண்டுபிடிக்கும். நேர்கோட்டில் மெல்ல முன்னேறுவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தள்ளி நின்றே ஒரு படம் எடுங்கள், இரண்டடி நகர்ந்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. பறந்துபோனாலும் கையில் ஒரு படமாவது மிஞ்சும்.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பது, பசையால் ஒட்டுவது, சிலந்தி வலையில் மாவு தூவுவது, இதையெல்லாம் செய்யாதீர்கள். செய்து எடுத்த படம் பார்த்தவுடன் தெரியும். கால் ஊன்றியிருக்கும் விதமே தப்பாக இருக்கும். கல்லைப் புரட்டினால் எடுத்தபடியே திரும்ப வையுங்கள். அதன் அடியில் ஒரு வீடு இருந்தது.

சிலந்திகள்

எனக்குச் சிலந்திகள்மேல் தனிப் பிரியம். ஓடிப்போகாமல் நின்று நம்மைப் பார்க்கிற உயிர் இவ்வளவு சிறிய உலகத்தில் வேறு எது இருக்கிறது?

வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்கலாம். ஈ பிடிக்க அலையும் குதிக்கும் சிலந்தி வலை கட்டுவதில்லை. கண்கள் எட்டு, முன்னால் இரண்டு மட்டும் வண்டி விளக்குபோலப் பெரிசு. நீங்கள் லென்ஸை நீட்டினால் உடம்பைத் திருப்பி நேராக உங்களைப் பார்க்கும். அந்த நொடிக்குத்தான் காத்திருக்கவேண்டும். வெளிர் நிறமுள்ள சில வகைகளில் இன்னொன்றும் பார்க்கலாம். பெரிய கண்களில் ஒன்று கறுப்பாக இருக்கும்போதே மெல்ல வெளுத்து, மறுபடி கறுக்கும். தலைக்குள் கண்ணின் குழாய் அசைந்து அசைந்து நம்மை அளப்பதால் வருகிற மாற்றம் அது. நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது ஷட்டரை அழுத்த மறந்து கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குதிப்பதற்கு முன் ஓர் இழையை ஒட்டிவிட்டுத்தான் குதிக்கும், தவறினால் அந்த இழையில் தொங்கும். பின்னால் வெளிச்சம் இருந்தால் அந்த இழையும் படத்தில் விழும்.

மாமரத்திலோ புங்கையிலோ முசுறு கூடு கட்டியிருந்தால் வரிசையில் போகிற எறும்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மட்டும் வரிசைக்குள் சேராமல் ஓரமாகத் தயங்கி நடக்கும். நிறமும் இடுப்பும் அப்படியே முசுறுதான், ஆனால் கால் எட்டு. முன்னங்காலைத் தூக்கி எறும்பின் உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டிருக்கும். ஊதினால் எறும்பு இலையைக் கவ்விக்கொள்ளும், இது நூலில் இறங்கித் தப்பும். எறும்பைப்போல வேடமிட்ட குதிக்கும் சிலந்தி இது. ஆணுக்குத் தாடை மிக நீளம், பார்த்தால் ஓர் எறும்பு இன்னொன்றைத் தூக்கிப்போவதுபோல இருக்கும். எடுக்கும்போது முசுறு கழுத்துக்குள் இறங்கும், சட்டைக் காலரை மூடிக்கொள்ளுங்கள்.

வேலியில், மார்பு உயரத்தில், வலை நடுவே எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோலத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் மஞ்சள் பட்டைச் சிலந்தி மழைக்குப் பிறகு நிறைய வரும். வலையிலும் வெள்ளை நூலால் நெளிநெளியாக அதே குறியைத் தைத்து வைத்திருக்கும். அசைத்துவிட்டால் வலையோடு சேர்த்து முன்னும் பின்னும் வேகமாக ஆடும், அப்போது கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். ஆடி முடியும்வரை பொறுங்கள். வலைக்குப் பின்னால் நிழலான புதரோ மரமோ இருக்கும் கோணத்தைத் தேடி, வெயில் பின்பக்கத்திலிருந்து சாய்வாக வரும்படி நின்றால் ஒவ்வோர் இழையும் வெள்ளிக் கம்பியாகும். வலையின் ஓரத்தில் துளியாய் ஒரு பழுப்புச் சிலந்தி இருந்தால் அது பெரும்பாலும் ஆண். அதையும் சேர்த்து எடுங்கள்.

பூவில் ஒரு வண்ணத்துப்பூச்சி நீங்கள் கை நீட்டியும் பறக்காமல், தலை கொஞ்சம் கோணி உட்கார்ந்திருக்கிறதா? அதன் அடியில் பாருங்கள். பூவின் நிறத்திலேயே ஒரு நண்டுச் சிலந்தி அதைக் கழுத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ஆவாரைச் செடிகளில் தேடிப் பார்க்கலாம். ஆவாரை, கொன்றை வகைகளில் முட்டையிட வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் வந்துகொண்டே இருக்கும்.

கருவேல முள்ளிலும் கம்பி வேலியிலும் தூசி படிந்த அழுக்குப் பஞ்சு உருண்டைபோலத் தொங்குவதைக் குப்பை என்று தாண்டிப் போயிருப்பீர்கள். அது கூட்டுக்குடும்பமாக வாழும் சிலந்திகளின் வீடு. இந்தச் சிலந்திகள் பொதுவாக ஒன்றையொன்று தாக்குவதில்லை. பொழுது சாய்ந்த பிறகு போய், வலையின் ஓரத்தில் காத்திருங்கள். ஒரு வெட்டுக்கிளி மாட்டினால் பத்து இருபது சிலந்திகள் சேர்ந்து வந்து இழுக்கும். அந்தக் காட்சிக்கு நெருக்க லென்ஸ் வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று கூடு, முள், வானம் எல்லாம் சேர எடுங்கள்.

இரவில்

டார்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடிக்காமல் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரமாக வைத்துப் புல்தரையைப் பாருங்கள். பனித்துளிபோலப் பச்சையாக மினுங்கும் புள்ளிகள் தெரியும். டார்ச்சை விலக்கினால் பனித்துளி எங்கிருந்தாலும் கொஞ்சம் மின்னும், இது சட்டென்று அணைந்துவிடும். ஓநாய்ச் சிலந்தியின் கண் அது. வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால் கண்ணுக்குப் பக்கத்தில் டார்ச் இருந்தால்தான் தெரியும். முதுகில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போகிற தாயைக் கண்டால் அந்த இரவு முழுவதும் அவளோடு செலவழிக்கலாம். புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் கல்லிடுக்குத் தேள்கள் நீலப்பச்சையாக ஒளிரும்.

இரவில் தனியாகப் போகாதீர்கள். கணுக்கால் மூடிய காலணி கட்டாயம். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் நடமாடும் நேரம் அதுதான். கண் காண்கிற இடத்தில் மட்டுமே கையையும் முழங்காலையும் ஊன்றுங்கள். பகலிலும் புதருக்குள் படுப்பதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பனைமரத்திலோ பெரிய புதரிலோ கதண்டு என்னும் பெருங்குளவியின் கூடு தெரிந்தால் படம் வேண்டாம், சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள். கூட்டமாகக் கொட்டி உயிர்போன சம்பவங்கள் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கின்றன. பூக்களில் கறுப்பும் ஆரஞ்சும் பட்டை போட்ட ஒரு வண்டு மொய்க்கும், அதை விரலால் தள்ளினால் தோல் கொப்புளிக்கும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தொடக்கத்தில் அங்கே போக அவசியமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரே சிலந்தியை நான்கு கோணத்தில் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முகம், அடிவயிறு. சிலந்தியின் இனத்தைக் கண்டுபிடிக்கக் கண்கள் அமைந்திருக்கும் வரிசை மிகவும் உதவும், அதற்காகத்தான் முகம். ஊசித்தட்டானுக்கு வால் நுனியைப் பக்கவாட்டில் ஒரு படம் கூடுதலாக வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கு முன்சிறகும் பின்சிறகும் முழுசாகத் தெரியவேண்டும். அழகான ஒரு படத்தைவிட அழகில்லாத இந்த நான்கு படங்கள் பெயர் தெரிந்துகொள்ள உதவும்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் தேதியும் இடமும் சேர்த்துப் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை உடனே நம்பிவிடாதீர்கள், சிலந்தியில் அது அடிக்கடி தவறும். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019ல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க மலைப்பக்கம் போகவேண்டியிருக்கும். ஆனால் உங்கள் ஊர்க் கருவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல ஒட்டியிருக்கும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுப்புழுவை எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள்? அது வளர்ந்து பச்சையானதும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இரண்டு பருவத்தையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், எந்தச் செடி, இலையின் மேலா அடியிலா, வெயிலா மேகமா, அது என்ன செய்துகொண்டிருந்தது. கேமராவின் எண்களை எழுதத் தேவையில்லை, அவை படத்துக்குள்ளேயே இருக்கும். இன்றைக்கு எருக்கில் கண்ட முட்டையின் இலைக்குப் பக்கத்துக் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு வாருங்கள். நாளைக் காலையில் அதே இலையைத் தேடி நேரம் போகாது.